பழுதுற்ற அலைக்கருவி: திருத்துவதா, மாற்றுவதா?

வானொலி என்றவுடன் பாட்டும் செய்தியும் தரும் பெட்டியே பலருக்கு நினைவில் எழும். நமது ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால், இலங்கை வானொலிக்காக முற்றத்தில் கூடியிருந்த மாலைப் பொழுதுகளைச் சுவைபட எடுத்துரைப்பர். ஆயின், கேட்பதோடு அமையாது, பதில் பேசவும் வல்ல வானொலி ஒன்று உண்டு. அரசின் உரிமம் பெற்ற தனி மனிதர்கள், வாணிக நோக்கம் சிறிதும் இன்றி, தம் இல்லத்திலிருந்தே பிற ஊரினரோடும் பிற நாட்டினரோடும் அலைவழி உரையாடுவர். இதனை அமெச்சூர் வானொலி என்பர். 'நேசிப்பவன்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லே 'அமெச்சூர்' என்பதன் வேர். 'பயில்நிலை வானொலி' எனத் தமிழாக்குவாரும் உளர். நாற்பது ஆண்டுகள் பழகிய முதியவரையும் பயில்நிலையிலேயே நிறுத்திவிடுவதால் அச்சொல்லில் நமக்கு மனநிறைவு இல்லை. 'ஆர்வலர் வானொலி' என்பதே பொருந்துவதாகக் கருதுகிறோம்.

இஃது ஒரு பொழுதுபோக்கே எனினும், பொழுதுபோக்கு மட்டும் அன்று. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் அம்மையாரின் தலைமையில் ஆர்வலர் குழு ஒன்று, உலக ஆர்வலர்களோடு உரையாடுவதற்கெனச் சிறப்பு அனுமதி பெற்று அந்தமானின் போர்ட் பிளேயரில் தங்கியிருந்தது. அம்மாதம் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியது. தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. உரையாடி மகிழக் கொண்டுசென்ற அதே கருவிகள், தீவுகளுக்கும் பெருநிலத்திற்கும் இடையே உறவினர் நலம் உசாவும் செய்திகளைச் சுமந்தன. கடற்கரை மாவட்டத்தார் இந்நிகழ்ச்சியை எளிதில் மறவார்.

நமது மன்றத்தில் இருந்ததும் அத்தகைய கருவிதான். அனுப்புவதும் வாங்குவதும் ஒரே பெட்டிக்குள் அமைந்த இதனை டிரான்சீவர் என்பர். 100 வாட்டு ஆற்றலுடையது, பழையதாக வாங்கப்பட்டது. தமிழ்த்துறையைச் சார்ந்த நாம் இதற்குள் எவ்வாறு புகுந்தோம் என்னும் வினா எழலாம். மன்றத்தில் பாடம் சொல்ல ஆள் இருந்தனர்; ஈயம் உருக்க ஆள் இல்லை. அவ்வளவே.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வேளையில் அக்கருவி ஊமையாயிற்று. பிறர் பேசுவது தெளிவாகக் கேட்டது. நாம் பேசுவது எவருக்கும் எட்டவில்லை. ஆற்றல் காட்டும் முள் சிறிதளவே அசைந்து நின்றது. பழுது நீக்குவோர் ஒருவரிடம் காட்டினோம். பெட்டியைத் திறவாமலே, "இறுதிநிலை டிரான்சிஸ்டர்கள் போய்விட்டன" என்றார். அவர் கேட்ட தொகை, இயங்கும் பழைய கருவி ஒன்றின் விலையில் பாதியை எட்டியது. மன்றத்தின் பேழையில் அத்தொகை இல்லை. அந்த இல்லாமையே நம்மைக் காத்தது எனலாம்.

நோயின் முதலை அறிந்த பின்னரே மருந்தை நாட வேண்டும் என மருத்துவனுக்கு வள்ளுவர் வகுத்த ஒழுங்கு, மின்னணுக் கருவிக்கும் முற்றிலும் பொருந்தும். பெட்டியைத் திறக்கும் முன் பெட்டிக்கு வெளியே உள்ளவற்றை ஆராய வேண்டும்.

முதலில் மின்வழங்கி. 100 வாட்டுக் கருவி 13.8 வோல்ட்டில், பேசும்போது ஏறத்தாழ 20 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். கேட்கும்போது 1 அல்லது 2 ஆம்பியரே போதும். ஆகவே, கேட்கிறது என்பதனால் மின்வழங்கி நலமாக உள்ளது என முடிவு கட்டலாகாது. உருகி வைக்கும் கூட்டிலோ இணைப்பிலோ களிம்பேறி 0.1 ஓம் தடை சேர்ந்தாலும், 20 ஆம்பியரில் 2 வோல்ட் அங்கேயே இழப்பாகும். கருவிக்கு எட்டுவது 11.8 வோல்ட்டே. கேட்கும்போது அளந்தால் இக்குறை புலப்படாது. பேசும் பொத்தானை அழுத்தியவாறு, கருவியின் பின்புறத்திலேயே மல்டிமீட்டரை வைத்து அளக்க வேண்டும். நமது கருவி இச்சோதனையில் தேறியது.

அடுத்தது ஆண்டெனா. ஆண்டெனாவும் அதற்குச் செல்லும் கம்பிவடமும் பொருந்தாதபோது, அனுப்பிய அலையில் ஒரு பகுதி திரும்பி வரும். இதனை அளப்பதே நிலையலை விகிதம். அவ்விகிதம் 2 அல்லது 3 மடங்கைக் கடந்தால், இறுதிநிலை எரிந்துவிடாதபடி கருவியில் உள்ள காப்புச் சுற்று தானே ஆற்றலைக் குறைத்துவிடும். பார்ப்பவர்க்கு அது கருவியின் பழுதாகவே தோன்றும்.

இவ்விரண்டையும் பிரித்தறிய உதவுவது போலிச்சுமை. ஆண்டெனாவிற்கு மாற்றாக 50 ஓம் தடையை இணைத்து, அலையை வெளிவிடாது வெப்பமாக்கிச் சோதிப்பது இதன் பணி. கடையில் இதற்கு நல்ல விலை உண்டு. நாம் செய்தது வேறு. 1000 ஓம் மதிப்பும் 2 வாட்டுத் திறனும் உடைய மின்தடைகள் இருபதை, இரு செப்புத் தகடுகளுக்கிடையே பக்க இணைப்பாகப் பற்றவைத்தோம். 1000ஐ 20ஆல் வகுத்தால் 50 ஓம்; திறன் மொத்தம் 40 வாட்டு. குறைந்த ஆற்றலில் சில நொடிகள் சோதிக்க இதுவே மிகுதி. கம்பி சுற்றிய மின்தடை இதற்கு ஆகாது. வானொலி அலைவெண்ணில் அது சுருளாகவே நடந்துகொள்ளும். கரி அல்லது உலோகப்படல வகையே வேண்டும்.

போலிச்சுமையை இணைத்தவுடன் முள் ஓங்கி எழுந்தது. கருவியில் பழுதே இல்லை! மாடியில் ஏறி ஆண்டெனா இணைப்பியைக் கழற்றினோம். முந்தைய மழையின் நீர் உள்ளே புகுந்து, வடத்தின் செப்புப் பின்னல் பச்சை பூத்துக் கருகிக் கிடந்தது. ஒரு முழம் வடத்தை வெட்டி நீக்கி, புதிய இணைப்பி பொருத்தி, நீர் புகாதபடி ஒட்டுநாடா சுற்றியதோடு வேலை முடிந்தது. திறவாத பெட்டிக்குள் டிரான்சிஸ்டர் போனதைக் கண்டவரின் கூற்றை நம்பியிருந்தால், நல்ல டிரான்சிஸ்டரைக் கழற்றி எறிந்திருப்போம்.

பழுது உள்ளேதான் என உறுதியான பின்னரும் மலிவானவற்றையே முதலில் ஐயுற வேண்டும். பழைய கருவிகளில் ஈயப்பற்று வெடித்து விடுபடுதல் மிகுதி. கண்ணாடி வில்லை கொண்டு நோக்கினால் காலைச் சுற்றி மெல்லிய வளையம் தெரியும். அங்கே மறுபடி ஈயம் வைப்பதற்குக் காசு ஏதுமில்லை. அனுப்புதலுக்கும் வாங்குதலுக்கும் மாறும் ரிலேயின் முனைகள் கறுத்திருக்கலாம். மின்பகு மின்தேக்கிகள் காலப்போக்கில் உலர்ந்துபோகும்; வெப்பம் 10 பாகை கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கைக்கணக்கு. இவை யாவும் சென்னை ரிச்சி தெருவில் சொற்ப விலைக்குக் கிடைப்பவை. 1980களில் வந்த சில கருவிகளில் இயக்க நிரலே லித்தியம் மின்கலத்தின் துணையால் நினைவகத்தில் நிற்கும். மின்கலம் தீர்ந்தால் கருவி முழுதும் நினைவிழக்கும். அத்தகைய கருவியில் மின்கலத்தைச் சட்டெனக் கழற்றிவிடலாகாது. வால்வுகள் கொண்ட பழைய கருவியாயின், மின்னிணைப்பை நீக்கிய பின்னும் மின்தேக்கிகளில் பல நூறு வோல்ட் தங்கியிருக்கும். உயிர் பறிக்கும் அளவு அது. தக்கவர் உடனிருக்க, அதனை வடித்த பின்னரே மாணவர் கை வைக்க வேண்டும்.

இனி, கதையின் பிற்பகுதிக்கு வருவோம். ஈரமேறிய ஆண்டெனாவோடு நாம் பல மாதங்கள் போராடியதன் பயனோ என்னவோ, மறு ஆண்டு அக்கருவியின் இறுதிநிலை மெய்யாகவே போயிற்று. இம்முறை போலிச்சுமையிலும் முள் எழவில்லை. மல்டிமீட்டர் கொண்டு பார்த்தபோது, இரு டிரான்சிஸ்டர்களில் ஒன்றின் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குறுக்கிணைப்பாகியிருந்தன.

இவ்வகை டிரான்சிஸ்டர்கள் பலவற்றின் உற்பத்தி நின்றுவிட்டது. எஞ்சியவற்றின் விலை அதிகம்; போலிகளும் ஏராளம். மலிவான டிரான்சிஸ்டரின் மேலெழுத்தைத் தேய்த்து வேறு எண்ணை அச்சிட்டு விற்பாரும் உளர். மேலும், ஒன்றை மட்டும் மாற்றுதல் தகாது. ஒத்த பண்புடைய இணையாகவே மாற்றி, ஓய்வு மின்னோட்டத்தையும் மறுபடி சீர்செய்தல் வேண்டும். முதன்முறை மின்சாரம் கொடுக்கையில், 12 வோல்ட் கார் விளக்கு ஒன்றைத் தொடரிணைப்பில் வைத்தால், உள்ளே குறுக்கிணைப்பு இருப்பினும் விளக்கு எரியுமே தவிரப் புதிய டிரான்சிஸ்டர் எரியாது. மற்றுமோர் எச்சரிக்கை: இவற்றிற் பலவற்றின் வெண்பீங்கான் பகுதி பெரிலியம் ஆக்சைடால் ஆனது. அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. உடைந்ததை அராவுதலும் நொறுக்குதலும் கூடா.

இங்குதான் திருத்துவதா, மாற்றுவதா என்னும் வினா எழுகிறது. திருத்தும் செலவு, அதே வகையில் நன்கு இயங்கும் பழைய கருவியின் விலையில் பாதியைத் தாண்டுமாயின் கையை மடக்கிக்கொள்வதே நமது கருத்து. ஒரு பகுதி போன கருவியில் பிற பகுதிகளும் அதே வயதினவே அன்றோ? பழையதை வாங்குவோர், போலிச்சுமையில் பத்து நிமிடம் இயக்கிக் காட்டச் சொல்லி வாங்குவது நலம். வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினரிடம் சொல்லியனுப்பும் எண்ணமும் நம் பக்கத்தில் இயல்பாகவே எழும். தக்க உரிமமும் அனுமதியும் இன்றி அலைபரப்பும் கருவியைக் கொண்டுவருவது அவரைச் சுங்கத்துறையிடம் சிக்கவைக்கும். அவ்வழியை நாம் விட்டோம்.

அடுத்த வினா, 100 வாட்டு வேண்டுமா என்பது. கேட்பவரின் கருவியில் உள்ள வலிமைமானியில் ஒரு படி என்பது, வழக்கமான வரையறைப்படி, நான்கு மடங்கு ஆற்றலைக் குறிக்கும். 100 வாட்டு 25 ஆனால் ஒரு படி குறையும். 25 வாட்டு 6 ஆனால் மற்றொரு படி. ஆக, 100 வாட்டிற்கும் 6 வாட்டிற்கும் இடையே இரண்டே படிகள். இரைச்சல் மிகுந்த இரவில் அவ்விரு படிகள் பெரிதே. பகலில் 7 மெகாஹெர்ட்சில் சில நூறு கிலோமீட்டர் பேசுவதற்கு அவை தடையாகா.

இக்கணக்கே நம்மை ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் அவர்கள் வடிவமைத்த பிட்எக்ஸ் கருவியிடம் கொண்டு சேர்த்தது. 14 மெகாஹெர்ட்சில் 6 வாட்டுத் தரும் ஒற்றைப் பக்கப்பட்டைக் கருவியாக அது முதலில் வெளிவந்தது. 2016இல் 7 மெகாஹெர்ட்சுக்கான ஆயத்தப் பலகையும், 2017இல் பல அலைவரிசைகளுக்குரிய மைக்ரோ பிட்எக்சும் தொடர்ந்தன. அதன் சிறப்பு விலையில் மட்டும் இல்லை, சிந்தனையில் உள்ளது. அனுப்புவதற்கொன்று, வாங்குவதற்கொன்று என இருவேறு பெருக்கிகள் வையாமல், ஒரே பெருக்கி நிலையை இருதிசையிலும் இயங்கச் செய்தார். அரிய பொருள்களை நாடாமல், தெருமுனைக் கடையில் கிடைக்கும் பி.சி. 547 டிரான்சிஸ்டரையும், மின்வழங்கிகளில் பயன்படும் ஐ.ஆர்.எஃப். 510ஐயும் கொண்டு அமைத்தார். சுருள் சுற்றும் காந்த வளையம் கிடைக்காதோர்க்குக் குடிநீர்க் குழாயின் வாஷரையே பரிந்துரைத்தார். இறக்குமதிப் பட்டியலைப் பார்த்துச் சோர்ந்திருந்த நமக்கு அந்த வாஷர் தந்த ஊக்கம் கொஞ்சமன்று.

சுற்றுப்படம் எவரும் எடுத்தாளும்படி வெளியிடப்பட்டிருந்ததால், 7 மெகாஹெர்ட்சுக்கு ஏற்றவாறு மாணவர்களைக் கொண்டே ஒன்றைக் கட்டினோம். மூன்று வாரம் பிடித்தது. முதல் வாரம் முழுதும் சுருள் சுற்றுவதில் கழிந்தது. இரண்டாவதில் ஒரு டையோடைத் தலைகீழாக வைத்துவிட்டுக் காரணம் தேடினோம். பழைய கருவியை எறியவில்லை. அதன் வாங்கும் பகுதி பழுதறியாதது. ஆகவே, புதியவர் அலைகளைக் கேட்டுப் பழகும் கருவியாக அதே மேசையில் வைத்துள்ளோம். நம்பத்தக்க இணை டிரான்சிஸ்டர்கள் என்றேனும் நியாய விலைக்கு வருமாயின் அதுவும் மீண்டும் பேசும்.

நவம்பர் மாதத்து நண்பகல் ஒன்றில், உரிமம் பெற்ற மாணவர் புதிய கருவியில் அழைத்தார். இலங்கையிலிருந்து ஆர்வலர் ஒருவர் மறுமொழி தந்தார். குரல் சற்று மெலிவு, சொற்கள் அனைத்தும் தெளிவு என்று சொல்லி, என்ன கருவி, எத்தனை வாட்டு என வினவினார். மாணவர் விடை கூறியதும் மறுமுனையில் சிறிது நேரம் ஒலி இல்லை. பின்னர், அந்தச் சுற்றுப்படத்தைத் தமக்கும் அனுப்பக் கூடுமா என்று கேட்டார்.