நெஞ்சின் மேலிருந்து இதயத்தை வாசிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

நெளுக்குளத்தில் பஸ் ஏறிப் பம்பைமடுவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளே! 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியா வளாகத்தில் நீங்கள் படிக்கும் கணிதமும் கணினியும், உடலுக்குள் கம்பி நுழைக்காமலே நோயுற்ற இதயத்தின் மின்னோட்டத்தைப் படமாக்க உதவும். இத்துறையில் இறங்க நினைப்போருக்குச் சில வார்த்தைகள்.

1. ஈசிஜியிலிருந்து தொடங்குங்கள். அதை எடுப்பவரின் கையைக் கவனியுங்கள். உடலில் பத்து மின்வாய்கள், தாளில் பன்னிரண்டு பதிவுகள். மார்பின் நான்காவது மின்வாய், ஐந்தாம் விலா இடைவெளியில், காறை எலும்பின் நடுவுக்கு நேர்கீழே இருக்க வேண்டும். ஒரு விலா மேலே ஏறினாலே அலையின் உருவம் மாறும். வியர்வையில் ஒட்டு இளகினால் கோடு ஆடும். பதிவைச் சுத்திகரிக்காவிட்டால் கணினி அந்த ஆட்டத்தையும் இதயத்தின் செய்தியாகவே எடுத்துக்கொள்ளும்.

2. நேர்க்கணக்கில் தேறாமல் தலைகீழ்க்கணக்கைத் தொடாதீர்கள். இதயப் பரப்பின் மின்னழுத்தத்திலிருந்து தோலில் வருவதைக் கணிப்பது நேர்க்கணக்கு. தோலிலிருந்து இதயத்துக்குத் திரும்பிப் போகும் தலைகீழ்க்கணக்குத்தான் கடினம். குளக்கட்டில் மோதும் அலையைப் பார்த்து, நடுக்குளத்தில் எத்தனை கல் எங்கெங்கே விழுந்தன என்று சொல்வது போன்றது அது. அளவீட்டில் கடுகளவு பிழை, விடையில் பெரும் பிழையாகும்.

3. அந்தப் பிழை பெருகாதபடி விடையைக் கட்டுப்படுத்தும்போது காரணத்தையும் எழுதி வையுங்கள். ரஷ்யக் கணிதவியலாளர் திகனோவ் 1963இல் தந்த ஒழுங்காக்கல் முறை இங்கே கைகொடுக்கும். ஆனால் அளவுக்கு மீறி இறுக்கினால், மாரடைப்பு விட்டுச்சென்ற தழும்பும் படத்தில் அழிந்துவிடும். தளர்த்தினால் இரைச்சலே நோயாகத் தெரியும்.

4. இந்தப் படத்தை நம்பி என்ன செய்யப்படுகிறது என்பதை மறவாதீர்கள். ஆய்வாளர் யோரம் ரூடியின் குழு 2004இல் வெளியிட்ட கட்டுரையில், மனித இதயங்களை இப்படிப் படமாக்கிக் காட்டியது. அக்கட்டுரையின் முதல் ஆசிரியர் சாருலதா ராமநாதன். பின்னர் 252 மின்வாய்கள் கொண்ட மேலங்கியும் சி.ரி. ஸ்கானும் சேர்ந்த கருவி வந்தது. 2017இல் செயின்ட் லூயிஸ் வைத்தியர்கள், கீழறைத் துடிப்புக் கோளாறால் அவதிப்பட்ட ஐவருக்கு, இப்படம் காட்டிய இடத்தில் கதிர்வீச்சுச் செலுத்திய முடிவுகளை வெளியிட்டார்கள். படம் தவறினால் கதிரும் தவறும்.

5. கருவி இல்லையென்று சோராதீர்கள். ஓப்பன்கார்ப் என்ற இதய உருவகப்படுத்தல் மென்பொருள் ஆய்வுக்கு இலவசம். எட்கர் என்ற பொதுத் தரவுத்தொகுப்பில், நெஞ்சு வடிவத் தொட்டியின் உப்புநீருக்குள் இதயத்தை வைத்து, உள்ளும் புறமும் அளந்த பதிவுகள் உண்டு. உண்மை விடை தெரிந்த அந்த இடத்தில் உங்கள் நிரலைச் சோதியுங்கள்.

6. சந்தேகத்தை மறைக்காதீர்கள். வண்ணப்படம் எல்லா இடத்தையும் ஒரே உறுதியுடன் காட்டுவதாகத் தோன்றும். பெரும்பாலும் அது காட்டுவது இதயத்தின் வெளிப்பரப்பையே. கீழறைகளுக்கு நடுவேயுள்ள சுவரில் கோளாறு இருந்தால் நேரே தெரியாது. ஆகவே வைத்தியரிடம் படத்தைக் கொடுக்கும்போது, எந்த இடத்தை நம்பலாம், எந்த இடத்தை வேறு வழியில் சரிபார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கொடுங்கள். அதைச் சொல்லாத கணக்கு, விடை சரியாக வந்தாலும் அரைகுறைதான்.