உப்புப் பூத்த நிலத்தைப் போட்டோ எடுத்தல்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை முதலிய ஊர்களைச் சூழ்ந்த பாலாற்றுப் பிரதேசத்தில், தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீரால் நிலமும் கிணறும் கெட்ட செய்தி குடியானவர்களுக்குப் புதிதன்று. சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதுமாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்று வேலூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் கண்டதை, சுப்ரீம் கோர்ட்டார் 1996-ஆம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதித் தீர்ப்பில் எடுத்துக் காட்டினர். அத்தீர்ப்பின் பயனாக ஏற்பட்ட அதிகார சபை 2001-ஆம் வருஷத்தில், சுமார் 15,000 ஹெக்டேர் நிலத்தின் பொருட்டுச் சுமார் 29,000 பேருக்கு நஷ்ட ஈடு விதித்தது. இன்னும் கொடுபடாதவர்களுக்கு அதனைக் கொடுத்துவிட்டு, தொகையை மாசு செய்தவர்களிடம் வசூலிக்குமாறு 2025-ஆம் வருஷம் ஜனவரியில் அதே கோர்ட்டார் சர்க்காருக்கு உத்தரவிட்டனர்.

இவ்விதக் காரியங்களில், நிலம் இன்ன வருஷத்தில் இன்ன நிலையில் இருந்தது என்பதைக் காட்டும் போட்டோ பெரிதும் உதவும். இப்பொழுது அநேக வீடுகளில் டிஜிடல் காமிராவோ, காமிரா அமைந்த கைப்பேசியோ இருக்கிறது. ஆயினும் உப்புப் பூத்த நிலத்தைத் தானியங்கி முறையில் எடுத்தால், கண்ணுக்குப் பளிச்சென்று வெள்ளையாய்த் தெரிந்த உப்பு, படத்தில் சாம்பல் நிறச் சேற்றுத் தரைபோல் தோன்றும். நேரில் பாராத அதிகாரி அதைக் கண்டு, சாதாரணத் தரிசென்று எண்ணிவிடுவார். இது காமிராவின் பழுதன்று, அதன் இயல்பு.

காமிராவினுள் இருக்கும் ஒளிமானி, தன்முன் உள்ள பொருள் வெள்ளையா கறுப்பா என்பதை அறியாது. எதிரே காணும் காட்சி மொத்தத்தில் நடுத்தரச் சாம்பல் நிறமுடையதென்றே வைத்துக்கொண்டு வெளிச்சத்தை அளவிடுகிறது. பசும்பயிரும் செம்மண்ணும் கலந்த சாதாரணக் காட்சிக்கு இக்கணக்குப் பெரும்பாலும் பொருந்தும். காட்சி முழுதும் வெள்ளையாயிருப்பின், ஒளி அதிகமென்று எண்ணிக் குறைத்துவிடும். நனைந்த கரிசலாயிருப்பின், ஒளி போதாதென்று கூட்டிவிடும். வெள்ளையும் கறுப்பும் ஒருங்கே சாம்பலாவது இதனாலேதான்.

இதைத் திருத்தும் வழிக்கு முன், காமிராவுக்குள் ஒளி புகும் விதத்தை அறிந்துகொள்ள வேண்டும். வயலுக்குப் பாயும் நீரின் அளவு, மடைவாயின் அகலத்தையும் அது திறந்திருக்கும் நேரத்தையும் பொறுத்தது. லென்ஸின் துவாரம் மடைவாய். ஷட்டர் திறந்திருக்கும் காலம் மடை திறந்த நேரம். துவாரத்தை எப் 4, 5.6, 8, 11, 16 என்று குறிப்பர். எண் பெரிதாக ஆகத் துவாரம் சிறிதாகும் என்பதைப் புதிதாய்ப் பழகுவோர் மறவாதிருத்தல் நலம். இவ்வரிசையில் ஒரு படி ஏறினால் ஒளி பாதியாகும். ஷட்டரில் வினாடியின் 1/125, 1/250, 1/500 என்ற பின்னங்களும் அவ்வாறே. ஆகவே எப் 16-ல் 1/125, எப் 11-ல் 1/250, எப் 8-ல் 1/500 ஆகிய மூன்றும் ஒரே அளவு ஒளியைத் தருவன. மூன்றாவதாகிய ஐ.எஸ்.ஓ. எண், உட்புகுந்த ஒளியைக் காமிரா எவ்வளவு பெருக்கிக் காட்டவேண்டும் என்பது. வெயிலில் 100 போதும். மிக உயர்த்தினால் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும்.

காமிராவின் தலையிலுள்ள சக்கரத்தில் பி, ஏ, எஸ், எம் என்ற எழுத்துக்கள் காணப்படும். கானன் காமிராக்களில் ஏ என்பதை ஏ.வி. என்றும், எஸ் என்பதை டி.வி. என்றும் எழுதியிருப்பர். பி முறையில் துவாரத்தையும் ஷட்டரையும் காமிராவே தெரிந்துகொள்கிறது. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை.

ஏ முறையில் துவாரத்தை நாம் வைக்கிறோம். ஷட்டரைக் காமிரா அமைக்கிறது. நிலக்காட்சிக்கு இதுவே ஏற்றது. காலடியிலுள்ள உப்புப் பொருக்கு முதல் தொலைவில் பட்ட தென்னைவரை யாவும் தெளிவாக விழவேண்டுமாயின் எப் 8 அல்லது 11 வைத்தல் வேண்டும். ஆனால் வெள்ளையைச் சாம்பலாக்கும் குறை பி, ஏ, எஸ் மூன்றுக்கும் பொது. இதற்கென்றே கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தான் ஒன்றுண்டு. உப்பு நிலத்துக்கு அதைக் கூட்டலில் 1 முதல் 1⅔ வரை வைக்க. நனைந்த கறுப்பு மண்ணுக்கும் அடர்ந்த நிழலுக்கும் கழித்தலில் வைக்க. வெள்ளைக்குக் கூட்டுவதா என்று பலர் தயங்குவர், கூட்டத்தான் வேண்டும். கைப்பேசியிலும், திரையில் உப்பின்மேல் விரலை அழுத்தி வைத்தால் சிறு சூரியக் குறி தோன்றும். அதை மேலே தள்ளினால் இதே பயன் கிடைக்கும்.

அளவுக்கு மிஞ்சிக் கூட்டினால் வேறொரு கேடு. உப்பும் அதை ஒட்டிய மண்ணும் ஒரே வெள்ளையாய் வெளுத்து, பொருக்கின் வெடிப்பும் தடிப்பும் மறைந்துவிடும். உப்பில்லாத நிலத்தை உப்பு நிலமென்று காட்டினார் என்னும் பழிக்கும் அது இடம் தரும். ஆகையால் சலவை செய்த வெள்ளைத் துண்டு ஒன்றை மடித்து உப்பின் அருகே வைத்து, அதுவும் படத்தில் விழும்படி எடுப்பது நல்லது. படத்தில் துண்டு பழுப்பாய்த் தோன்றினால் ஒளி குறைவு. துண்டின் மடிப்பே தெரியாமற் போனால் ஒளி மிகுதி. மடிப்புத் தெரியும் வெண்மையே சரியான அளவு. பார்ப்பவருக்கும் இத்துண்டு உரைகல்லாகும்.

எஸ் முறையில் ஷட்டரை நாம் வைக்கிறோம். துவாரத்தைக் காமிரா அமைக்கிறது. அசையும் பொருள்களுக்கு இது உரியது. காற்றில் ஆடும் கரும்பின் தோகையில் நுனி கருகியிருப்பதைக் காட்ட 1/250-க்குக் குறையாமலும், ஆற்றிலோ கால்வாயிலோ பொங்கிவரும் நுரையைக் காட்ட 1/500-ம் தேவை. 1/15 போன்ற நீண்ட நேரம் வைத்தால் ஓடும் நீரும் நுரையும் ஒன்றாகிப் பட்டுத்துணிபோல் அழகாய்த் தோன்றும். பரிசுப் போட்டிக்கு அது ஆகலாம். மனுவோடு இணைப்பதற்கு ஆகாது.

வருஷத்துக்கு வருஷம் ஒப்பிட்டுப் பார்க்கும் படங்களுக்கு எம் முறையே தகுந்தது. இதில் துவாரம், ஷட்டர் இரண்டையும் நாமே வைக்கிறோம். காமிரா தன்னிச்சையாய் எதையும் மாற்றாது. ஆனால் ஐ.எஸ்.ஓ. தானியங்கியில் இருந்தால் எம் முறையிலும் ஒளியைக் காமிராவே மாற்றிக்கொண்டிருக்கும். எனவே அதை 100 என்று நிலைப்படுத்துதல் அவசியம். மேகமில்லா நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, எப் 11, 1/250 என்ற அளவு ஏறக்குறையச் சரியாயிருக்கும். இது ஒளிமானியைக் கேளாமல் சூரியனைக் கொண்டே வைக்கும் அளவாதலால், உப்பின் வெண்மை அதனை ஏமாற்ற முடியாது. காலை எட்டு, ஒன்பது மணிச் சாய்வெயிலில் பொருக்கின் மேடுபள்ளம் நன்கு தெரியும். வெயில் இளையதாகையால் அப்போது ஒரு படிவரை கூட்டவேண்டி வரலாம். நிறச் சமனையும் தானியங்கியில் விடாமல் வெயில் குறியில் வைக்கவேண்டும். இலை மஞ்சளித்ததா, இல்லையா என்ற இடத்தில் காமிரா தானே நிறத்தைத் திருத்தினால் படத்துக்கு மதிப்பேது?

எங்கு நின்று எடுப்பது என்பதும் முக்கியம். வயல் மூலையிலுள்ள சர்வே கல் இதற்கு மிகவும் வாய்ப்பானது. ஒவ்வொரு முறையும் அக்கல்லின் மேலிருந்து, ஒரே திசையில், லென்ஸின் தூரத்தை மாற்றாமல் எடுத்து, சர்வே எண்ணையும் திசையையும் அன்றே குறித்துக்கொள்க. கிராம நிர்வாக அலுவலர் உடனிருந்து எடுத்தால் பின்னால் இடத்தைப் பற்றிய வாதம் குறையும். பொருக்கை அருகில் எடுக்கும்போது மண்வெட்டியையோ அளவுகோலையோ பக்கத்தில் வைத்தால் அதன் கனம் விளங்கும்.

இவ்வளவு செய்தாலும் போட்டோ உப்பை அளக்காது. இலை நுனி கருகுதல் சாம்பல் சத்துக் குறைவாலும் நேரும். ஆதலால் படமெடுத்த அன்றே அவ்விடத்து மேல்மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவைப் படத்தோடு சேர்த்து வைக்கவேண்டும். மண்ணின் மின்கடத்தும் திறன் 4 டெசிசைமனுக்கு மேற்பட்டால் அதனை உவர்நிலம் என்பர்.

காமிராவின் தேதியும் மணியும் சரியாயிருக்கின்றனவா என்று எடுப்பதற்கு முன் பார்க்கவேண்டும். துவாரம், ஷட்டர், தேதி முதலியவை ஒவ்வொரு படத்தினுள்ளும் தாமே பதிவாகின்றன. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் இவ்விவரங்கள் பெரும்பாலும் நீங்கி, படமும் சுருங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புக. மூலப் படத்தை வெட்டவோ நிறம் ஏற்றவோ செய்யாமல் இரண்டிடங்களில் காப்பாற்றுதல் வேண்டும். 2024-ஆம் வருஷம் ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-வது பிரிவின்படி, இத்தகைய மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் கொடுக்கும்போது உரிய சான்றிதழும் சேர்க்கப்பட வேண்டும். அதற்கு மூலப் படம் கையிலிருப்பது பெரிதும் துணையாகும்.

உப்புப் பூப்பது கோடையில்தான். பச்சைத் தோல் கெடாதிருக்க இட்ட உப்பு, தொழிற்சாலையில் கழுவப்பட்டு நீரோடு மண்ணில் இறங்கியிருப்பது, வெயிலில் நீர் மேலேறி ஆவியாகும்போது தரைமேல் தங்குகிறது. ஒரு நல்ல மழை பெய்தால் அது கரைந்து கீழே இறங்கிவிடும். கண்ணுக்கு நிலம் குணமானதுபோல் தோன்றும். ஆகவே பங்குனி, சித்திரை மாதங்களிலேயே, கோடைமழைக்கு முன், படங்களை எடுத்து முடித்துக்கொள்ள வேண்டும்.