பெயர் தேடிய பெருமீன்

நுழையும்முன்

ஓர் உயிரினத்தைப் பலர் கண்டிருக்கலாம்; பிடித்திருக்கலாம்; அதன் அளவைக் கண்டு வியந்தும் இருக்கலாம். ஆயினும், அது இன்ன இனம் என்று அறிவியல் உறுதிசெய்யாதவரை அதனைக் காக்கும் முயற்சி முறையாகத் தொடங்குவதில்லை. தூண்டிலிடுவோரிடையே உலகப் புகழ் பெற்றிருந்த காவிரி மீன் ஒன்று, 2018ஆம் ஆண்டுவரை உறுதியான அறிவியற்பெயர் இன்றியே இருந்தது. அதன் பெயரைத் தேடிக் கண்டடைந்த வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இரு நீர் கூடும் இடம்

ஈரோடு மாவட்டம் சத்தியமங்கலத்திற்கு மேற்கே, பவானி ஆறும் மோயாறும் கூடுமிடத்தை ஒட்டி அமைந்துள்ளது பவானிசாகர் அணை. 1948இல் தொடங்கிய கட்டுமானப் பணி 1955இல் நிறைவுற்றது. எட்டுக் கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் இம்மண் அணையின் நீர்மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. அணை எழுந்தபோது டணாயக்கன் கோட்டையும் அதனுள் இருந்த கோவிலும் நீரில் மூழ்கின. கோடையில் நீர்மட்டம் வெகுவாகத் தாழும் ஆண்டுகளில் அக்கோவில் மீண்டும் வெளிப்படுவதைக் காணலாம்.

கோட்டை மூழ்கியதை மக்கள் அறிவர். நீருக்கடியில் நிகழ்ந்த மற்றொரு மாற்றமோ எளிதில் கண்ணுக்குப் புலப்படாதது. பாய்புனல் தேங்குநீராக மாறும்போது, அதில் வாழும் மீன்களின் வாழ்வும் மாறுகிறது. கூழாங்கல் படுகைகளில் முட்டையிடும் மீன்களுக்கு ஓடும் நீர் வேண்டும். மழைக்காலத்தில் ஆற்றை எதிர்த்து ஏறிச்செல்லும் மீன்களுக்குத் தடையில்லா வழி வேண்டும். அணை இவ்விரண்டையும் மாற்றிவிடுகிறது.

வலையில் வரும் மீன்கள்

பெரிய நீர்த்தேக்கங்களில் மீனவர் பரிசலில் சென்று மாலையில் செவுள்வலையை விரிப்பர். விடியற்காலையில் வலையை எடுப்பர். வலைக்கண்ணில் தலையை நுழைத்த மீன், செவுள் சிக்கிக்கொள்வதால் முன்னும் செல்லாது, பின்னும் மீளாது. இவ்வாறு கிடைக்கும் மீன்பாட்டில் பெரும்பங்கு வகிப்பவை கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகள். கட்லா நீரின் மேற்பரப்பிலும், ரோகு இடைப்பகுதியிலும், மிர்கால் அடிப்பகுதியிலும் இரைதேடும். ஆதலால், இம்மூன்றையும் ஒரே நீர்நிலையில் சேர்த்து வளர்க்க முடிகிறது.

இவை காவிரிக்கு உரியவை அல்ல. வடபுலத்து ஆறுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவை. தேங்கிய நீரில் இவை இயல்பாக இனப்பெருக்கம் செய்வதில்லை. 1957இல் ஹீராலால் சௌத்ரி என்னும் அறிவியலாளர், பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றைச் செலுத்திப் பெருங்கெண்டைகளை முட்டையிடச் செய்யும் முறையில் வெற்றி கண்டார். அதன்பின் பண்ணைகளில் மீன் குஞ்சுகளைப் பெருமளவில் உருவாக்கி நீர்த்தேக்கங்களில் இருப்புச் செய்வது வழக்கமாயிற்று. 1952இல் இந்தியாவிற்குள் வந்த ஆப்பிரிக்கத் திலேப்பியாவோ எவரும் விடாமலே பல நீர்நிலைகளில் பரவியது. நம் மக்கள் அதற்கு ‘ஜிலேபி’ என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டனர்.

இம்மீன்களால் பலருடைய பிழைப்பு நடக்கிறது. எளிய மக்களுக்கும் ஊட்டம் மிக்க உணவு கிடைக்கிறது. எனினும், வந்த மீன்களைப் பற்றிய கணக்கு இருக்கும் அளவிற்கு, முன்பே அங்கு வாழ்ந்த மீன்களைப் பற்றிய கணக்கு நம்மிடம் உள்ளதா? இவ்வினாவிற்கு விடை தேடும்போதுதான் மகாசீர் நம் முன் வருகிறது.

திமில் கொண்ட மீன்

மகாசீர், கெண்டைக் குடும்பத்தைச் சார்ந்த பெருமீன். பெரிய செதில்களும் தடித்த உதடுகளும் கொண்டது. காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் வாழ்ந்த மகாசீர் இனம் ஒன்றிற்குத் தலைக்குப் பின்னே முதுகு மேடிட்டு, காளையின் திமில்போல் உயர்ந்திருந்தது. துடுப்புகளில் செம்மஞ்சள் நிறம் படர்ந்திருந்தது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியாவில் தூண்டிலிடுதல் பற்றி 1873இல் வெளியிட்ட நூல் மகாசீரின் புகழைப் பரப்பியது. 1946இல் காவிரியின் துணையாறான கபினியில் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடையுள்ள மகாசீர் பிடிபட்டது. அதனைத் தேடிக் கடல்கடந்தும் பலர் வந்தனர்.

புகழ் பரவிய அளவிற்குப் பெயர் தெளிவுறவில்லை. உயிரினங்களுக்குப் பேரினப் பெயரும் சிற்றினப் பெயரும் இணைந்த இருசொற் பெயரை இடுவது அறிவியல் மரபு. காவிரியின் திமில் மகாசீரை நெடுங்காலம் ‘முசுல்லா’ என்னும் சிற்றினப் பெயரால் அழைத்தனர். அப்பெயரோ, 1839இல் தக்காணத்தின் கிருஷ்ணா ஆற்றுத் தொகுதியிலிருந்து விவரிக்கப்பட்ட வேறொரு மீனுக்கு உரியது. ஆகவே, திமில் மகாசீர் பிறிதொரு மீனின் பெயரைச் சுமந்து திரிந்தது எனலாம்.

ஒன்று குறைய, ஒன்று பெருக

இதற்கிடையே, 1970களில் மகாசீரைக் காக்கும் நன்னோக்குடன் மகாராட்டிரத்தின் லோனாவாலாவில் செயற்கை இனப்பெருக்கம் தொடங்கப்பெற்றது. அங்கு உருவான நீலத்துடுப்பு மகாசீர்க் குஞ்சுகள் நாட்டின் பல ஆறுகளில் விடப்பட்டன, காவிரியிலும் விடப்பட்டன. எல்லாமே மகாசீர்தானே என்று கருதிய காலம் அது. விடப்பட்டதும் ஆற்றில் முன்பே வாழ்ந்ததும் வெவ்வேறு சிற்றினங்கள் என்பது பெரிதாக எண்ணப்படவில்லை.

கர்நாடகக் காவிரிக் கரையில் அமைந்த தூண்டில் முகாம் ஒன்றில், பிடித்த மீனை எடைபோட்டு, குறிப்பேட்டில் எழுதி, உயிருடன் ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. 1998 முதல் 2012 வரையிலான அக்குறிப்புகளை ஆய்வாளர் ஆராய்ந்தனர். நீலத்துடுப்பு மகாசீரின் எண்ணிக்கை பெருகியிருந்தது. திமில் மகாசீரின் எண்ணிக்கை குறைந்திருந்தது. பிடிபட்ட சில திமில் மகாசீர்களின் சராசரி எடையோ கூடியிருந்தது. மேலோட்டமாகப் பார்ப்போர் இதனை நற்செய்தி என்பர். உண்மையில் அது துயரச் செய்தி. முதிய மீன்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. இளமீன்கள் போதிய அளவில் தோன்றவில்லை என்பதே அதன் பொருள். முதியோர் மட்டும் வாழும் ஊரைப் போன்றது அந்நிலை.

புதிர் அவிழ்ந்தது

திமில் மகாசீரைக் காக்க வேண்டுமெனில், முதலில் அது யார் என அறிய வேண்டும். இங்கிலாந்தைச் சேர்ந்த ஏட்ரியன் பிண்டரும் கேரளத்தைச் சேர்ந்த ராஜீவ் ராகவனும் தமிழ்நாட்டு ஆய்வாளர்களும் அடங்கிய குழு இத்தேடலில் ஈடுபட்டது. பவானிசாகருக்கு மேலே, புலிகள் காப்பகக் காடுகளினூடே பாயும் மோயாற்றில் திமில் மகாசீர் கிடைத்தது. அதன் உடலமைப்பையும் மரபணுவையும் குழுவினர் ஆராய்ந்தனர்.

விடை ஏற்கெனவே எழுதப்பட்ட ஒரு கட்டுரையில் இருந்தது. 2007இல் கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த சிறிய மீன்களைக் கொண்டு, ‘டார் ரெமாதேவி’ என்னும் புதிய சிற்றினம் விவரிக்கப்பட்டிருந்தது. நன்னீர் மீன் ஆய்வில் சிறந்த கே. ரெமாதேவியைச் சிறப்பிக்கும் பெயர் அது. அச்சிறு மீன்களும் 50 கிலோவிற்கு மேல் வளரும் திமில் மகாசீரும் ஒரே இனமே என்று 2018இல் வெளியான ஆய்வு நிறுவியது. நிலவரைபடம் இம்முடிவிற்குத் துணைநிற்கிறது. பாம்பாறு அமராவதியாகிறது, அமராவதி காவிரியில் கலக்கிறது. மோயாறு பவானியிலும், பவானி காவிரியிலும் கலக்கின்றன. கேரள மலையில் கிடைத்த மீனும் மோயாற்று மீனும் ஒரே ஆற்றுக் குடும்பத்தின் பிள்ளைகள்.

பெயரும் பாதுகாப்பும்

உறுதியான பெயர் கிடைத்த அதே ஆண்டில், இயற்கைப் பாதுகாப்பிற்கான பன்னாட்டு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் திமில் மகாசீர் இடம்பெற்றது. ‘மிகவும் அழியும் நிலையில் உள்ளது’ என்பதே அதற்குக் கிடைத்த தகுதி. காட்டில் முற்றிலும் அற்றுப்போவதற்கு முந்தைய படி அது. அணைகள், மணல் அள்ளுதல், வெடிவைத்து மீன்பிடித்தல், நீர் மாசு, வேற்றிட மீன்களின் வரவு ஆகியன காவிரி மீன்களை நெருக்கும் காரணங்கள்.

அணையால் வேளாண்மை செழிக்கிறது. மீன்வளர்ப்பால் வாழ்வாதாரம் பெருகுகிறது. இவற்றை வேண்டாமென்று கூற இயலாது. ஆனால், ஒரு நீர்நிலையில் புதிய மீனை விடுவதற்கு முன், அங்கு முன்பே வாழ்வது எது என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு. தூண்டிலிட்டோர் எழுதிய குறிப்பேடுகளே ஓர் இனத்தின் வீழ்ச்சியைக் காட்டிக்கொடுத்தன. நம் ஊர் ஏரியிலும் குளத்திலும் கிடைக்கும் கெளுத்தி, வரால், ஆரல், அயிரை ஆகியவற்றின் பெயரையும் வரவையும் குறித்துவைப்பது மாணவர்க்கும் இயலும் பணியே. அடையாளம் காணப்படாமலே ஓர் உயிர் மறைந்துவிடுமாயின், இழந்தது இன்னதென்று கூறவும் நமக்குச் சொல் இராது.

தெரிந்து தெளிவோம்

திமில் என்னும் சொல்லுக்குக் காளையின் முதுகில் உயர்ந்துள்ள பகுதி என்பது ஒரு பொருள். மீன்பிடிக்கச் செல்லும் சிறுமரக்கலம் என்பது மற்றொரு பொருள். சங்க இலக்கியத்தில் நெய்தல் நில மக்களின் கலமாகத் திமில் குறிக்கப்படுகிறது.

இலக்கணக் குறிப்பு

பெருமீன் – பண்புத்தொகை
பாய்புனல் – வினைத்தொகை
தடையில்லா வழி – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
ஏரியிலும் குளத்திலும் – எண்ணும்மை

புணர்ச்சி விதி

பெருமீன் – பெருமை + மீன்
‘ஈறுபோதல்’ என்னும் விதிப்படி, பெரு + மீன் = பெருமீன்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் நீர்நிலையில் கிடைக்கும் மீன்களின் வட்டாரப் பெயர்களை மீனவர்களிடமும் பெரியோரிடமும் கேட்டுத் தொகுக்க. முன்பு கிடைத்து இன்று கிடைக்காத மீன்களைத் தனியே பட்டியலிடுக.
2. பாம்பாறும் மோயாறும் காவிரியை அடையும் வழியை வரைபடமாக வரைந்து வகுப்பில் விளக்குக.

மதிப்பீடு

1. கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றை ஒரே நீர்நிலையில் வளர்க்க முடிவது ஏன்?
2. பிடிபட்ட திமில் மகாசீரின் சராசரி எடை கூடியதைத் துயரச் செய்தி எனக் கொள்ளக் காரணம் யாது?
3. ‘பெயரிடுதல் பாதுகாப்பின் முதற்படி’ என்னும் கருத்தைப் பாடப்பகுதிகொண்டு நிறுவுக.