‘ரீடெவலப்மென்ட்’டை இடிக்காமல் பிரிப்பது எப்படி?
ஆங்கிலச் சொல் பிரிக்க முழுமையான வழிகாட்டி

பள்ளிக்கூடம் பக்கமே போகாத மும்பை தாராவிப் பாட்டிக்கும் தெரிந்த ஆங்கிலச் சொல் ‘ரீடெவலப்மென்ட்’. 2004-ல் மாநில அரசு தாராவி மறுமேம்பாட்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்ததிலிருந்து நோட்டீஸிலும் டீக்கடையிலும் அதே பேச்சுதான். வீடு எப்போது கிடைக்குமோ, சொல்லையாவது பிரித்துப் பார்ப்போம்.

படி 1: தாடைக்கு அடியில் கை

புறங்கையைத் தாடைக்கு அடியில் வைத்து மெதுவாகச் சொல்லுங்கள்: ரீ-டி-வெ-லப்-மென்ட். தாடை ஐந்து முறை இறங்கும்; ஐந்து அசை. யாப்பில் படித்த நேர், நிரைக் கணக்கு இங்கே செல்லாது. நிரையசையில் இரண்டு உயிர் அடங்கும்; ஆங்கிலத்தில் ஓர் உயிரொலிக்கு ஓர் அசை.

தோல் கடையில் நாம் கேட்கும் ‘பெல்ட்டு’ இரண்டு அசை, ஆங்கில ‘பெல்ட்’ ஒன்றே. நாம் உகரத்தைப் பின்னால் ஒட்டுகிறோம். இந்திக்காரர் ‘இஸ்கூல்’ என்று முன்னால் ஒட்டுகிறார். ஒருவரை ஒருவர் கேலி செய்ய வழியில்லை.

படி 2: அழுத்தம்

தமிழர் தடுமாறும் இடம் இதுதான். பாகப்பிரிவினை மாதிரி எல்லா அசைக்கும் சமபங்கு கொடுத்துவிடுகிறோம். ஆங்கிலம் அப்படியல்ல. ஐந்தில் ‘வெ’தான் உரத்து, நீண்டு, மேலேறும், கடைசி ‘மென்ட்’ சுருங்கி ‘மன்ட்’ ஆகிவிடும்.

அழுத்தம் இடம் மாறினால் சொல்லின் வேலையே மாறலாம். கடைப் பலகையில் உள்ள ‘எக்ஸ்போர்ட்’ பெயர்ச்சொல். அழுத்தம் ‘எக்ஸ்’ மேல். ‘ஏற்றுமதி செய்’ என்று வினையாகச் சொன்னால் ‘போர்ட்’ மேல்.

படி 3: பகுபதம்

பவணந்தியார் நன்னூலில் சொன்ன பகுதி, விகுதி இங்கே கைகொடுக்கும். ரீ (மறுபடியும்), டெவலப் (பகுதி), மென்ட் (வினையைப் பெயராக்கும் விகுதி). அசை ஐந்து, உறுப்பு மூன்று.

வெட்டும் இடமும் வேறுபடும். பிளாஸ்டிக் பட்டறையின் ‘ரீசைக்கிளிங்’கை வாயால் பிரித்தால் கடைசித் துண்டு ‘க்ளிங்’. பொருளால் பிரித்தால் ‘இங்’.

‘டேனர்’ தோல் பதனிடுபவர்: டேன், அர். அதே ஜோரில் ‘டெய்லர்’ மேல் கத்தரி வைக்காதீர்கள், ‘டெய்ல்’ என்றால் வால். ‘அங்கிள்’ தொடக்கத்தில் கேட்பதும் எதிர்மறை ‘அன்’ அல்ல.

படி 4: ஹார்பர் லைன் பயிற்சி

குர்லாவில் மும்பை ஹார்பர் லைன் ரயிலில் ஏறுங்கள். ‘நெக்ஸ்ட் ஸ்டேஷன்’ என்ற அறிவிப்பு வரும். நெரிசலில் கை தாடைக்குப் போகாது. விரலை மடித்து எண்ணுங்கள். மூன்று வரவேண்டும். நான்கு வந்தால் எங்கோ ஓர் உகரம் டிக்கெட் இல்லாமல் ஏறியிருக்கிறது. செம்பூர் வருவதற்குள் பிடித்து இறக்கிவிடுங்கள்.