ஆற்றின் வேகத்தைக் குறைத்த பூங்கா

மாணவர்களே! மழைநீர் விரைந்து வடிய வேண்டுமானால் கால்வாயின் அடியையும் இரு கரைகளையும் கான்கிரீட் பூசி வழவழப்பாக்கிவிட வேண்டும் என்பது பொறியாளர்களின் பழைய கணக்கு. சிங்கப்பூரில் ஒரு பூங்காவைப் புதுப்பித்தவர்கள் இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்றினார்கள். அது எப்படி முடிந்தது என்று பார்ப்போம்.

பீஷான்–அங் மோ கியோ பூங்கா 1988இல் திறக்கப்பட்டது. அதன் ஓரமாகக் காலாங் ஆறு ஓடியது. ஆறு என்பது பெயருக்குத்தான், 2.7 கி.மீ. நீளத்துக்கு நேராகச் சென்ற கான்கிரீட் கால்வாய் அது. வெயில் நாட்களில் நடுவே ஒரு கீற்று நீர். மழை கொட்டினாலோ சீறிப் பாயும் வெள்ளம். 2009இல் வேலை தொடங்கியது. 2012 மார்ச்சில் பூங்கா மீண்டும் திறக்கப்பட்டபோது, புல்வெளிகளினூடே சுமார் 3 கி.மீ. தூரம் வளைந்து நெளிந்து ஓடும் ஆற்றை மக்கள் கண்டனர். இதை வடிவமைத்தது ஜெர்மானியரான ஹெர்பர்ட் டிரைசைட்டிலின் நிறுவனம்.

புல்லும் மண்ணும் நீரைத் தடுக்குமே, வெள்ளம் வராதா என்று கேட்பீர்கள். சரியான கேள்வி! ஒரு வினாடியில் ஓடும் நீரின் அளவு, குறுக்குப் பரப்பை வேகத்தால் பெருக்கினால் கிடைக்கும். எளிமைக்காக ஒரு கால்வாய் 20 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்று கொள்வோம். வேகம் வினாடிக்கு 3 மீட்டர் எனில், வினாடிக்கு 120 கன மீட்டர் நீர் செல்லும். உராய்வினால் வேகம் 1 மீட்டராகக் குறைந்தால்? அதே நீரை அதே ஆழத்தில் அனுப்ப 60 மீட்டர் அகலம் தேவை.

நெருக்கமான நகரில் அவ்வளவு அகலத்துக்கு எங்கே போவது? இங்கேதான் வடிவமைத்தவர்களின் சாமர்த்தியம். பூங்காவையே ஆற்றுப் படுகையின் பகுதியாக்கிவிட்டார்கள்! முன்பு 17 முதல் 24 மீட்டர் வரை இருந்த அகலம், பெருமழையின்போது சில இடங்களில் 100 மீட்டர் வரை விரியும். மற்ற நாட்களில் அதே நிலத்தில் குழந்தைகள் ஓடி விளையாடுவார்கள். பழைய கால்வாயைவிடச் சுமார் 40 விழுக்காடு அதிக நீரை இது தாங்குகிறது.

மண்கரை அரித்துப் போகாதா? இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதை நினைவுகூருங்கள். வேகம் மூன்றில் ஒரு பங்கானால், ஒவ்வொரு கிலோகிராம் நீரின் இயக்க ஆற்றலும் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். மிச்சத்தைச் செடிகளின் வேர்கள் பார்த்துக்கொள்ளும். காகிதக் கணக்கை மட்டும் நம்பிவிடாமல், முதலில் 60 மீட்டர் நீளத்தில் பத்து வகையான கரைகளை அமைத்துச் சோதித்தார்கள். வளைவுகளுக்கும் பயன் உண்டு: அதே இறக்கத்தை நீண்ட வழியில் கடப்பதால் சரிவு குறைகிறது.

வேலியில்லாத ஆற்றைப் பார்த்துப் பெற்றோர் அஞ்சுவது நியாயமே. கரைகள் மென்சரிவாக இருப்பதால், நீர் ஏறும்போது நடந்தே மேலே வந்துவிடலாம். நீர்மட்டத்தை உணரும் கருவிகளும் எச்சரிக்கைச் சங்கும் விளக்குகளும் உள்ளன. உடைத்தெடுத்த கான்கிரீட் பாளங்களைக் கொண்டு பூங்காவிலேயே ஒரு குன்று எழுப்பினார்கள். 2014இல் நீர்நாய்க் குடும்பம் ஒன்றும் இந்த ஆற்றில் குடியேறியது!

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். நீளவாக்கில் அறுத்த குழாய்த் துண்டுகள் இரண்டை ஒரே சாய்வில் வையுங்கள். ஒன்றில் கூழாங்கற்களையும் புல் கரணைகளையும் பரப்புங்கள். மற்றதை வெறுமையாக விடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு நீரை ஒரே சீராக ஊற்றி, மறுமுனைக்கு வர ஆகும் நேரத்தைக் குறியுங்கள். எதில் நீர்மட்டம் விளிம்பை நெருங்குகிறது என்பதையும் கவனியுங்கள்.