வலிக்கலையேன்னு விட்டுடாதீங்க!

குளிக்கும்போது மார்பில் சுண்டைக்காய் அளவுக்கு ஏதோ தட்டுப்படுகிறது. ‘வலிக்கலையே, ஒண்ணும் இருக்காது’ என்று அடுப்படிக்குப் போய்விடுகிறீர்களா? அங்கேதான் தப்பு. மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. மாதவிலக்குக்கு முன்னால் இரண்டு பக்கமும் வருகிற வலி வேறு. அது ஹார்மோன் சமாசாரம்.

உடனே பதறவும் வேண்டாம். தட்டுப்படுபவற்றில் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகள்தான். ஆனால் எது சாதாரணம் என்று விரல் சொல்லாது. மேமோகிராம், ஸ்கேன், தேவைப்பட்டால் ஊசி போட்டுத் துளி சதை எடுக்கும் பயாப்ஸி, இவைதான் சொல்லும்.

‘ஊசி பட்டா பரவிடுமாமே?’ பக்கத்து வீட்டு மாமி கிளப்பிவிட்ட புரளி! ஊசியால் பரவுவதில்லை. அந்தப் பயத்தில் மாசக்கணக்கில் தள்ளிப்போடுகிறோமே, அப்போதுதான் நோய் அக்குள் நெறிக்குப் போக அவகாசம் கிடைக்கிறது.

‘எங்க பரம்பரையிலேயே கிடையாது’ என்கிறீர்களா? பரம்பரை மரபணுக் கோளாறால் வருவது நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான். மற்றவர்களுக்கு அப்படியில்லாமலே வருகிறது. வீட்டுக்காரரும் இதைப் படிக்கட்டும்: அபூர்வமாக ஆண்களுக்கும் வரும்.

கட்டி மட்டுமில்லை. தோலில் குழி, புதிதாக உள்ளே இழுத்துக்கொண்ட காம்பு, காம்பில் ரத்தக் கசிவு... இதில் எது தெரிந்தாலும் இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். தீபாவளி முடியட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் என்றெல்லாம் வேண்டாம்.