கயிறு அறுந்தால்...?



தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை எங்கு பார்த்தாலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள். லிஃப்டில் ஏறி பட்டனை அழுத்துகிறோம். 'கயிறு அறுந்தா என்ன ஆகும்?' என்று யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்ட ஒரு மெக்கானிக்கைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

எலிஷா கிரேவ்ஸ் ஓடிஸ் 1811-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தார். மாவு மில் வைத்தார், வண்டி செய்து விற்றார், எதுவும் நிலைக்கவில்லை. 1852-இல் நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸில், ஒரு கட்டில் தொழிற்சாலையில் தலைமை மெக்கானிக்காக இருந்தார்.

லிஃப்டைக் கண்டுபிடித்தவர் ஓடிஸ் என்று பலரும் சொல்வார்கள். அது சரியல்ல. மாடிக்குச் சாமான் ஏற்றும் மேடைகள் அதற்கு முன்பே உண்டு. கயிறு அறுந்தால் மேடையும் போச்சு, ஆளும் போச்சு! அதைத் தடுத்ததுதான் ஓடிஸின் சாதனை.

நம்ம ஊர் வில்வண்டியில் இருக்கும் பட்டை ஸ்பிரிங் போன்ற ஒன்றை மேடையின் மேல் பொருத்தி, கயிற்றை அதில் கட்டினார். கயிறு இழுத்துக்கொண்டிருக்கும்வரை ஸ்பிரிங் வளைந்திருக்கும். கயிறு அறுந்தால் நிமிர்ந்து, இரு பக்கத் தண்டவாளங்களின் பற்களில் மாட்டிக்கொள்ளும். அவ்வளவுதான்!

1853-இல் தொழில் தொடங்கினார். ஆர்டர்கள் சொற்பம். 1854-இல் நியூயார்க் கண்காட்சியில் தானே மேடைமீது ஏறி, உயரத்தில் நின்று, கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை விழவில்லை. 1857-இல் நியூயார்க்கின் 5 மாடிக் கடை ஒன்றில் அவருடைய பயணிகள் லிஃப்ட் ஓடியது.

1861-இல், 49 வயதில், கடனோடுதான் இறந்தார். மகன்கள் சார்லஸும் நார்ட்டனும் கம்பெனியை வளர்த்தார்கள். 1892-இல் கல்கத்தா வைஸ்ராய் மாளிகைக்கே ஓடிஸ் லிஃப்ட் வந்துவிட்டது.

இன்றைய லிஃப்டில் பற்கள் இல்லை. வேகம் அளவை மீறினால் 'கவர்னர்' தூண்டிவிட, கூண்டுக்கு அடியில் உள்ள 'சேஃப்டி கியர்' தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும். பல வருடம் வேலையே இல்லாமல் சும்மா இருக்கும் பாகம் இது. அதனாலேயே தூசும் துருவும் பிடித்து மறந்துபோகிற பாகமும் இதுதான்.

நம்மில் பலர் டிப்ளமோ முடித்து லிஃப்ட் சர்வீஸுக்குப் போவோம். 'லிஃப்ட் நல்லா ஓடுது' என்று கையெழுத்துப் போடுவதற்கு முன், தேவைப்படும்போது நிற்குமா என்றும் சோதித்துவிடுங்கள். உள்ளே நிற்பவர் நம்ம வீட்டு ஆளாகவும் இருக்கலாம்!